விலையைப் போட்டீர்கள், வேலையை எங்கே போட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்திருக்கும் பழைய ஜென்சன் எஃப்எஃப் காரைப் பற்றிப் போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். படம் நல்லா இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் தலைப்பில் கோடி, முதல் பத்தியில் கோடி, கடைசி வரியிலும் கோடி. நடுவில் "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. யார் புதுப்பித்தார்கள், எதை மாற்றினார்கள், எதை அப்படியே விட்டு வைத்தார்கள், எத்தனை வருஷம் பிடித்தது, ஒன்றும் இல்லை. கோயமுத்தூர் கணபதியில் டிங்கரிங் பட்டறை வைத்துப் பிழைத்தவன் நான், இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். எங்கள் மாதிரி ஆட்களுக்கு அந்தச் செய்தியில் நின்று படிக்க வேண்டிய இடமே அந்த ஒரு வரிதான், அதைத்தான் நீங்கள் ஒரே தாவாகத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அப்புறம் ஒரு திருத்தம். "உலகின் முதல் நான்கு சக்கர இயக்கக் கார்" என்று போட்டிருந்தீர்கள். ஜீப்பை எங்கே விட்டீர்கள்? இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப், 1948-ல் வந்த லேண்ட் ரோவர், இதெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். அதற்கும் முன்னால் ஹாலந்து நாட்டு ஸ்பைக்கர் கம்பெனி 1903-லேயே அப்படி ஒன்றைச் செய்துவிட்டது. ஜென்சனுக்குச் சேர வேண்டிய பெருமை வேறு. காடு மேட்டுக்கு இல்லாமல், தார் ரோட்டில் நாலு பேர் சொகுசாக உட்கார்ந்து வேகமாகத் தூரம் போவதற்கென்று வரிசையாகச் செய்து விற்ற கார்களில், நாலு சக்கர இழுவையும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் முதலில் வந்தது இதில்தான், அதுவும் 1966-ல். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த ஆடி குவாட்ரோ வந்தது 1980-ல். பதினாலு வருஷம் முந்திக்கொண்ட வண்டி இது என்று எழுதியிருந்தாலே போதும், இல்லாத பட்டம் எதுக்கு?

அந்த எஃப்எஃப் என்பது பெர்குசன் ஃபார்முலா என்பதன் சுருக்கம் என்றும் நீங்கள் எழுதவில்லை. நம்ம ஊர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய கதையே அங்கேதான் இருக்கிறது. இந்தப் பெர்குசன் வேறு யாரும் இல்லை, தோட்டத்தில் உழுகிற மேசி பெர்குசன் டிராக்டரில் பேர் இருக்கிறதே, அதே ஹாரி பெர்குசன்தான். டிராக்டருக்குப் பின்னால் கலப்பையை மூன்று இடத்தில் மாட்டி, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்குகிற ஏற்பாடு அவர் கொடுத்தது. இன்றைக்குப் பல்லடத்திலோ உடுமலையிலோ எந்தக் கம்பெனி டிராக்டரைப் பார்த்தாலும் பின்னால் அந்த மூன்று முனை இருக்கும். சென்னையில் டாஃபே கம்பெனி 1960-களில் இருந்து அவர் பேரில் டிராக்டர் செய்து வருவதால் அந்தப் பேர் நம் காட்டிலும் ஊறிப்போய்விட்டது. அந்த மனுஷன் டிராக்டரோடு நிற்கவில்லை, கடைசிக் காலத்தில் சாதாரணக் காருக்கும் நாலு சக்கர இழுவை வேண்டும், ஈர ரோட்டில் வழுக்காமல் போக வேண்டும் என்று அதற்காகவே தனியாக ஆராய்ச்சிக் கம்பெனிக்குப் பணம் போட்டார். அவர் ஆட்கள் செய்த பெர்குசன் பி99 என்ற பந்தயக் காரை 1961-ல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் பந்தயத் தடத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டி ஜெயித்தார். நாலு சக்கர இழுவை உள்ள ஃபார்முலா 1 கார் ஒரு பந்தயத்தில் ஜெயித்தது அது ஒன்றுதான். பெர்குசன் அதைப் பார்க்கவில்லை, 1960-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜென்சன், பர்மிங்காம் பக்கம் வெஸ்ட் பிராம்விச் என்ற ஊரில் இருந்த சின்னக் கம்பெனி. ரிச்சர்ட், ஆலன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆரம்பித்தது. இன்டர்செப்டர் என்ற அவர்கள் காருக்கு உருவம் வரைந்தது இத்தாலியில் மிலான் நகரத்து டூரிங் கம்பெனி, முதலில் சில பாடிகளைக் கட்டிக் கொடுத்தது டூரினில் இருந்த விக்னாலே கம்பெனி, அப்புறம் அந்த வேலையும் வெஸ்ட் பிராம்விச்சுக்கே வந்துவிட்டது. இஞ்சின் அமெரிக்கன், கிரைஸ்லரின் 6.3 லிட்டர் வி8. எஃப்எஃப் என்பது அதே வண்டியின் பெரிய அண்ணன். இஞ்சின் இழுவையை நடுவில் ஒரு பெட்டி பிரித்து முன்னால் 37 பங்கு, பின்னால் 63 பங்கு என்று அனுப்பும். பிரேக்குக்கு டன்லப்பின் மேக்ஸரெட். விமானம் இறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் தேய்ந்து போகாமல் இருக்கச் செய்த சாமான் அது. சக்கரத்தின் வேகம் திடீரென்று செத்துப் போவதை அது கண்டுகொண்டு பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைக்கு 125 சிசிக்கு மேல் உள்ள பைக்குக்கே ஏபிஎஸ் என்கிற இந்த மாதிரிப் பிரேக் கட்டாயம் என்று ஆகிவிட்ட காலத்தில் இது பெரிதாகத் தெரியாது, 1966-ல் இது பெரிய விஷயம்.

வெளியிலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன் சக்கரத்துக்குப் பின்னால் பக்கத் தகட்டில் காற்றுப் போகிற வெட்டு சாதாரண இன்டர்செப்டரில் ஒன்று, எஃப்எஃப்பில் இரண்டு. முன் அச்சுக்கு இழுவை கொண்டுபோக இடம் வேண்டும் என்பதால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உள்ள தூரமும் (வீல்பேஸ்) நாலு அங்குலம் கூட. உங்கள் படத்தில் இரண்டு வெட்டு தெரிகிறது, அதனால் எஃப்எஃப்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு வெட்டுப் போடுவது நல்ல டிங்கருக்கு அரை நாள் வேலை, சேஸிஸ் நம்பரைப் பார்க்காமல் நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

மொத்தமே 320 வண்டிதான் செய்தார்கள், 1971-ல் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் "மிக அரிது" என்று எழுதியது சரி. ஏன் அரிது? விற்கவில்லை, அதனால் அரிது. விலை சாதாரண இன்டர்செப்டரை விட ரொம்பக் கூட, அதோடு அந்த நாலு சக்கர இழுவை ஏற்பாடு முழுக்க வலது பக்க ஸ்டீயரிங்குக்கே செய்தது, இடது பக்கம் மாற்ற இடமே விடவில்லை. அமெரிக்காக்காரன் எப்படி வாங்குவான்? பெரிய சந்தையே போச்சு. அப்புறம் கம்பெனிக்கே 1973 எண்ணெய் நெருக்கடி வேறு வந்தது, லிட்டருக்கு நாலு அஞ்சு கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியை யார் சீந்துவார்கள், 1976-ல் கம்பெனியையே மூடிவிட்டார்கள்.

இங்கிலாந்துக்காரன் கார் விற்றால் உனக்கென்ன என்று கேட்பீர்கள். வலது பக்க ஸ்டீயரிங் என்றாலே நம்ம ஊர் ஞாபகம் வருமில்லையா, அங்கேதான் விஷயம். முன்பெல்லாம் 1950-க்கு முந்தின வண்டிகளுக்குத்தான் வெளிநாட்டிலிருந்து தாராளமாக இறக்க வழி இருந்தது. 2025-ல் மத்திய அரசு அதை மாற்றி, 50 வருஷம் தாண்டிய வண்டி என்றால் லைசென்ஸ் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது. எஃப்எஃப் எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடும். உங்கள் செய்தி வந்த அன்றைக்கே திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சினன் மகன் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இதை இங்க கொண்டாந்துறலாங்களா?" என்று கேட்கிறான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கையில் காசு இருக்கிறது, பழைய வண்டி மேல் பிரியம் இருக்கிறது, வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் பத்திரிகையில் வந்த அந்த அரைப் பக்கம். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தியூர் குருநாதசாமி சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்போம். கார் என்றால் மட்டும் பளபளப்பில் மயங்கிவிடுகிறோம். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதுவும் பிறப்பில் இங்கிலாந்துதான், டிரையம்ஃப் ஹெரால்டை மெட்ராஸில் செய்தார்கள். ஒரு பெரியவர், வெளியூரில் பழைய வண்டி தயார் செய்து விற்கிற ஒருவரிடம் "புல் ரெஸ்டோரேஷன்" என்று சொல்லி வாங்கி வந்தார். கிரீம் கலர், குஷன் வேலை எல்லாம் அருமை, டேஷ்போர்டு மரம் கண்ணாடி மாதிரி. ஐப்பசி மழை ஒன்று பெய்ததும் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் போட்டது. கொண்டுவந்து நிறுத்தினார். காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை, கீழே விழுந்தது. ஸ்க்ரேப்பரைப் போட்டுச் சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி. பட்டிக்குக் கீழே கோழிக்கூண்டுக்குப் போடுகிற வலை. வலைக்குப் பின்னால் பந்தாகச் சுருட்டித் திணித்த செய்தித்தாள், விளம்பரத்தைக்கூடப் படிக்க முடிந்தது (உங்கள் பத்திரிகை இல்லை, பயப்பட வேண்டாம்). கீழே சேஸிஸின் பக்கக் கை இரண்டு மக்கிப் போய், திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறது. பெரியவர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார், எங்கள் பையன் ஒருவன் "இதென்னுங்க, காயிதத்துல வண்டி செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு என் முறைப்பைப் பார்த்து நகர்ந்துவிட்டான். அப்புறம் முழுக்க வெட்டி எடுத்து, தகடு மடித்து, வெல்டிங் வைத்து, எல்லாம் செய்து கொடுத்தோம், ஆனால் அவர் இரண்டு தடவை காசு கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இங்கிலாந்து வண்டி மட்டும் விதிவிலக்கா? அந்த ஊர் மழை, பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு வேறு கொட்டுவார்கள். இன்டர்செப்டர் வகை வண்டிகள் துருவுக்குப் பேர் போனவை, கதவுக்குக் கீழே, பின் சக்கர வளைவு, அடியில் ஓடுகிற குழாய்கள், எல்லா இடத்திலும் பிடிக்கும். மருமகன் முறையான அந்த மச்சினன் மகனிடம் நான் சொன்னது இதுதான்: முன் பக்கப் படம், சீட் படம், ஸ்டீயரிங் படம் எல்லாம் உன்னிடம் இருக்கிறது, லிப்டில் ஏற்றி அடிப் பக்கத்தை எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா? பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படம் இருக்கிறதா? இல்லை என்றால் எழுதிக் கேள், உண்மையாக வேலை செய்தவன் பெருமையாக அனுப்புவான், கோப்பு கோப்பாக அனுப்புவான், நீ போதும் என்கிற வரைக்கும் அனுப்புவான்.

இஞ்சினைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்பட மாட்டேன். அந்த கிரைஸ்லர் வி8 அமெரிக்காவில் ஏகப்பட்ட வண்டிகளில் ஓடியது, பிஸ்டன் ரிங்கில் இருந்து கேஸ்கெட் வரை இன்றைக்கும் கிடைக்கும். பயமெல்லாம் அந்தப் பெர்குசன் பெட்டியும் மேக்ஸரெட்டும்தான். 320 வண்டிக்கு யார் உதிரி பாகம் செய்து வைத்திருப்பான்? அந்தப் பெட்டியை எப்போது பிரித்தார்கள், யார் பிரித்தார்கள், என்ன மாற்றினார்கள், பில் எங்கே? மேக்ஸரெட் இப்போது வேலை செய்கிறதா, இல்லை தொல்லை என்று இணைப்பைக் கழற்றிவிட்டு சாதாரணப் பிரேக்காக ஓட்டுகிறார்களா? அது செத்துக் கிடந்தால் நீ எஃப்எஃப் விலை கொடுத்து இன்டர்செப்டர் வாங்குகிறாய். இன்னொன்று, இங்கிலாந்தில் 40 வருஷம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு வருடாந்தர எம்.ஓ.டி. பரிசோதனை கட்டாயம் இல்லை. அதனால் "பேப்பர் எல்லாம் கிளியர்" என்று விற்கிறவர் சொல்வது நிஜமாகவே இருக்கலாம், ஆனால் அந்தப் பேப்பரில் பிரேக்கைப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். விற்கிறவர் தானாகவே ஒரு பரிசோதனை செய்து காட்டட்டும், பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இங்கே வந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் உங்கள் செய்தி தொடவில்லை. சுங்க வரி, ஜி.எஸ்.டி. என்று எல்லாம் சேர்ந்தால் வண்டி விலையை வரி தாண்டிவிடும். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு, நம்பரில் வி.ஏ. என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குக் கொண்டுபோக, இப்படிச் சில காரியத்துக்குத்தான். அவிநாசி ரோட்டு மேம்பாலம் பத்து கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்து கிடக்கிறதே, தினமும் காலையில் ஒரு விரட்டு விரட்டலாம் என்று மருமகன் கனவு கண்டான், அது நடக்காது. முக்கியமானது இதுதான்: அந்த விதியில் வண்டி அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. புதுப்பிக்கிறேன் என்று பிறந்த இஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இஞ்சின் வைத்திருந்தால்? அந்த ஒரு வரிச் செய்திக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கப்பலில் ஏற்றினால், இறங்கின பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான் தெரியும்.

கடைசியாக நம்ம ஊர் விஷயம். வெள்ளைக்காரன் புதுப்பித்தால் அரைப் பக்கம், இங்கே புதுப்பித்தால் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக். தகட்டை டாலி என்ற இரும்புக் கட்டை வைத்துத் தட்டி வளைக்கிற கை இந்தப் பக்கம் இருக்கிற அளவுக்கு வேறு எங்கே இருக்கிறது? கோயமுத்தூரில் பம்ப்செட்டுக்கும் மில் மெஷினுக்கும் பேட்டர்ன் செதுக்கி, வார்ப்படம் வார்த்து, லேத்தில் கடைந்து பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், கிடைக்காத ஹவுசிங் (பாகங்களை மூடுகிற இரும்புக் கூடு) ஒன்றை மாதிரி பார்த்து வார்த்துக் கொடுப்பது அவர்களுக்குப் புது வேலை இல்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட ஜி.டி. நாயுடு பிறந்த மண், பந்தயக் கார்களை இங்கேயே செய்து ஓட்டிய கரிவரதன் இருந்த ஊர். அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள், போகவில்லை என்றால் போய்ப் பாருங்கள், அங்கே நிற்கிற வண்டிகளின் குரோமும் தகடும் தானாகப் பளபளக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. குறித்து வைக்கிற பழக்கம் கிடையாது. கையில் மை மாதிரி கிரீஸ் இருக்கும்போது யார் நோட்டில் எழுதுவது என்று விட்டுவிடுவோம். எந்தத் தகடு புதுசு, எது பழசு, எந்த போல்ட் எங்கே வாங்கினது, எல்லாம் மேஸ்திரி தலைக்குள் இருக்கும், மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டால் அதுவும் போய்விடும். வெள்ளைக்காரன் நம்மை விடக் கை சுத்தம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் அவன் பைல் சுத்தம், அந்த பைலுக்குத்தான் பாதி விலை. இப்போது பையன் பட்டறையில் வெட்டுவதற்கு முன்னால் ஒரு போட்டோ, வெட்டின பிறகு ஒன்று, பிரைமர் அடித்ததும் ஒன்று என்று செல்போனில் எடுத்து வாடிக்கையாளருக்கே அனுப்புகிறான். ஆரம்பத்தில் பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களே "தம்பி, இதைப் படம் புடி" என்று கூப்பிடுகிறார்கள்.

அடுத்த தடவை இப்படி ஒரு வண்டி வந்தால் கோடியைக் குறைத்து, வேலைக்கு நாலு பத்தி கொடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் நிருபர் ஒருவரைக் கணபதிக்கு அனுப்புங்கள், எங்கள் தெருவில் மட்டும் பியட், அம்பாசிடர், ஹெரால்டு என்று பாடியைக் கழற்றி நிற்கிற வண்டிகள் இருக்கின்றன, அடிப்பக்கத்தையும் தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குச் சம்பளம் போடுகிற நாள், நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது.

இப்படிக்கு,
இரா.ச.,
கணபதி, கோயமுத்தூர்.